கூத்துக்குக் கட்டுச்சோறு: நம் கடைக்கும் பங்குண்டு

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. இரவு தொடங்கினால் விடியும்வரை நீளும். பாய், தலையணையோடு புறப்படும் குடும்பத்துக்குக் கட்டுச்சோறே அழகு.

நல்ல புளி, நல்லெண்ணெய், வெந்தயம், பெருங்காயம் சேர்ந்த புளிச்சோறு ஓர் இரவு தாங்கும். தயிர்ச்சோற்றில் பாலை அதிகம் விட்டுப் பிசைந்தால் நள்ளிரவிலும் புளிக்காது. இத்தனை சரக்கும் நம்மிடமே இருக்க, காற்றடைத்த பாக்கெட்டுகளையல்லவா முன்னால் தொங்கவிடுகிறோம்!

ஒரு வருடம் எங்கள் மண்டிக்குக் கலப்பு நல்லெண்ணெய் வந்துவிட்டது. தெரியாமல் கடைகளுக்கு அனுப்பிவிட்டோம். கூத்துக் களத்தில் பொட்டலம் பிரித்தவர்கள் காறல் வாடையில் முகம் சுளித்தார்கள். மறுநாள் ஏச்சு வாங்கியவர் சில்லறைக் கடைக்காரர். டின்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். போன பெயர் திரும்ப இரண்டு திருவிழா ஆயிற்று.

உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. ஆகவே மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு, நூல்கண்டு வாங்கி வையுங்கள். கூத்து நோட்டீஸ் ஒட்டிய அன்றே கட்டுச்சோற்றுச் சாமான்களை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் டின்னை மட்டும் உடைத்து, முகர்ந்து பார்த்தே விற்பனைக்கு வையுங்கள். வணிகப் பெருமக்களே, லாபம் அடுத்த சந்தையிலும் கிடைக்கும். பெயர் அப்படிக் கிடைக்காது.