தெருவுக்கும் ஒரு ஹக்கு உண்டு

 

எம்.ஜி. நிறுவனம் 2023ஆம் ஆண்டு காமெட் என்னும் சிறிய மின்சாரக் காரை நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. நீளம் மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு, அகலம் ஒன்றரை மீட்டர், கதவுகள் இரண்டு, நால்வர் அமரலாம். வாங்குவோர் தம் விருப்பம்போல் அலங்கரித்துக் கொள்ள ஸ்டிக்கர் தொகுப்புகளையும் நிறுவனமே விற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் டாட்டாவின் டியாகோ மின்சார வடிவில் வந்திருந்தது. 2001இலேயே பெங்களூருவிலிருந்து ரேவா வந்துவிட்டது என்றாலும், நடுத்தரக் குடும்பங்கள் மின்சாரக் காரைக் கனவாகவன்றித் தேவையாக எண்ணத் தொடங்கியது இந்தச் சில ஆண்டுகளில்தான்.

பச்சை நம்பர் பலகை தாங்கிய இச்சிறு கார்களுக்கு உரிமையாளர்கள் செய்யும் அலங்காரங்கள் பலவகை: கூரைக்கு வேறு நிறம், பக்கவாட்டில் கோலம், உள்ளே வண்ண விளக்கு, இருக்கைக்குப் புதிய உறை. நம் சமுதாயத்தினரின் வண்டியாயின் பின்புறக் கண்ணாடியில் அழகிய அரபு எழுத்தில் 'மாஷா அல்லாஹ்'. இதில் எந்தக் குற்றமும் இல்லை. அல்லாஹ் தன் அடியார்களுக்கு அருளிய அழகை ஹராமாக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பது திருக்குர்ஆனின் அஃராஃப் அத்தியாயம் தரும் தெளிவு. வீண்விரயமும் பெருமையும் இல்லாதவரை, ஒருவர் தம் வண்டியை அழகுபடுத்துவது அவர் விருப்பம்.

நாம் கேட்பது வேறொன்று. அந்த அழகிய வண்டி இரவும் பகலும் எங்கே நிற்கிறது?

காஞ்சியின் தெரு யாருடையது?

காஞ்சிபுரம் காருக்காகக் கட்டப்பட்ட ஊர் அன்று. தேர் ஓடுவதற்கென அகலமாக அமைந்த ராஜ வீதிகள் நான்கு; அவற்றிலிருந்து பிரியும் சந்துகளோ ஆள் நடக்கவும் மாட்டு வண்டி போகவும் அமைந்தவை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தெரு என்பது தொழிற்கூடத்தின் ஒரு பகுதி. விடியற்காலையில் பட்டுப் பாவைத் தெருவின் நீளத்திற்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சீர்செய்த பிறகே அது தறிக்குப் போகிறது. ஊரின் பெயரை உலகறியச் செய்த பட்டுக்குத் தெருவே முதல் களம். அந்த இடத்தில் முந்தைய இரவே ஒரு கார் வந்து நின்றுவிட்டால், அந்த வீட்டின் அன்றைய வேலை தடைபடும்.

நம் மஹல்லாக்களின் நிலையும் இதுவே. ஒலிமுகமதுபேட்டையானாலும் ஹமீத் அவுலியா தர்காவைச் சுற்றிய பகுதியானாலும் குறுகிய தெருக்களில்தான் நம் மக்கள் வாழ்கிறார்கள். மக்தப் செல்லும் பிள்ளைகள், பாங்கு கேட்டுப் புறப்படும் முதியவர், கைக்குழந்தையோடு மருத்துவரிடம் போகும் தாய் என அனைவரும் நடந்தே போகிறார்கள். நம்மில் ஒருவர் இறந்தால் சந்தூக்கைத் தோளில் சுமந்து செல்வதும் இதே தெருவில்தான். இருபுறமும் ஆள் நின்று தூக்க வேண்டிய சந்தூக்கை, வழியில் நிற்கும் வண்டிக்காகச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருக்குமானால் அது மய்யித்துக்குச் செய்யும் கண்ணியமா? உயிருள்ளவருக்கு மட்டுமல்ல, மய்யித்துக்கும் அத்தெருவில் ஹக்கு உண்டு.

மார்க்கம் தெருவை மறக்கவில்லை

தெருவைப் பற்றிப் பேசுவது நகராட்சியின் வேலை, மார்க்கத்தின் வேலையன்று என்று சிலர் கருதுகின்றனர். ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில் மிகத் தாழ்ந்தது, வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பாதையிலிருந்த முட்கிளையை ஒதுக்கியவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியும் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. முள்ளை அகற்றுவது ஈமானின் கிளையென்றால், ஏறத்தாழ எண்ணூறு கிலோ எடையுள்ள பொருளைக் கொண்டுவந்து வழியில் வைப்பது எதன் கிளை?

தெருவோரம் அமர்ந்து பேசுவதை விட முடியாது என்ற தோழர்களிடம், அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் பெருமானார் (ஸல்). பார்வையைத் தாழ்த்துவதோடும் ஸலாமுக்குப் பதில் சொல்வதோடும் சேர்த்து, பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் அந்த ஹக்கில் எண்ணினார்கள். தெருவில் சற்று நேரம் உட்காரும் மனிதனுக்கே இத்தனை நிபந்தனை. இரவு முழுவதும் நிற்கும் வண்டிக்கு நிபந்தனையே இல்லையா?

பாதையின் அளவில் பிணக்கு எழுந்தபோது ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது. ஏழு முழம் ஏறத்தாழப் பத்தரை அடி. மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். நம் சந்துகள் பலவற்றின் அகலமும் அவ்வளவே. அதில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள 'சிறிய' காரை நிறுத்தினால் பாதையில் ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. கம்பெனி விளம்பரத்தில் சிறியது, நம் சந்தில் பெரியதாகிவிடுகிறது.

சொல்லப்படும் நியாயங்கள்

"இது புகை விடாத வண்டி, ஊருக்கு நன்மைதானே செய்கிறோம்?" என்கிறார்கள். புகை விடாதது உண்மை. அதற்காகவே தமிழ்நாடு அரசு 2025 இறுதிவரை மின்வாகனங்களுக்குச் சாலை வரியில் முழு விலக்கு அளித்தது. அந்தச் சலுகையைக் குறை சொல்லவில்லை. ஆனால் புகை விடாத காரும் பெட்ரோல் காரைப் போலவே இடத்தை அடைக்கிறது. சாலைக்கு வரி செலுத்தாத வண்டி, அந்தச் சாலையில் நடப்பவனைச் சுவரோடு ஒதுக்கி நிறுத்துவது எந்த நீதி?

மேலும், மெதுவாகச் செல்லும்போது மின்சாரக் காரின் ஓசை காதில் விழுவதே அரிது. பார்வையற்றவருக்கும் செவி மங்கிய முதியவருக்கும் தெருவில் ஓடும் பிள்ளைக்கும் இது ஆபத்து. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவியைப் புதிய மின்சாரக் கார்களில் 2019 ஜூலை முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. வண்டிக்குள் பாட்டுக்கும் வண்ண விளக்குக்கும் பணம் செலவிடுவோர், வெளியே நடப்பவரின் காதையும் சற்று நினைக்கட்டும்.

"வீட்டில் நிறுத்த இடமில்லை, வேறு என்ன செய்வது?" என்பது அடுத்த நியாயம். சிறிய கார்களுக்குப் பெயர்போன நாடு ஜப்பான். அங்கே 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெருவை எவரும் தம் வண்டிக் கொட்டகையாக்கிக் கொள்ள முடியாது. நகரங்களில் கார் வைத்திருப்பவர் அதை நிறுத்தத் தமக்குத் தெருவுக்கு வெளியே இடமிருப்பதைக் காட்ட வேண்டும். கார் சிறியதாக இருப்பதால் மட்டும் அந்நாட்டுச் சந்துகள் நடக்கத் தக்கனவாகிவிடவில்லை. நிறுத்தத்திற்கு ஒழுங்கு இருப்பதாலேயே அவ்வாறு உள்ளன. நாமோ சிறிய காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை விட்டுவிட்டோம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியவர், மாதம் ஒரு சிறு வாடகைக்கு நிறுத்துமிடம் தேடுவதைச் சுமையென்று சொல்வது ஏற்கத்தக்கதன்று.

"நடைபாதை அமைத்து வண்டிகளை ஒதுக்கினால் பட்டு வியாபாரம் படுத்துவிடும்" என்று காந்தி சாலையைச் சுட்டிப் பேசுவோரும் உள்ளனர். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடைபாதைகளை விரிவாக்கும் பேச்சு எழுந்தபோதும் இதே அச்சம் கிளம்பியது. 2019 நவம்பரில் அந்த வளாகம் திறக்கப்பட்டது. கடைகளும் இருக்கின்றன, கூட்டமும் இருக்கிறது. பட்டெடுக்க வரும் குடும்பம் ஒரு கடையில் நுழைந்து உடனே முடிப்பதில்லை. நம் நிக்காஹ்களுக்குப் புடவை எடுக்கும் பெண்கள் நான்கு கடை ஏறி இறங்கித்தான் முடிவு செய்கிறார்கள். அவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அச்சமின்றி நடக்க முடிந்தால் வியாபாரிக்கு லாபமேயன்றி நட்டமில்லை.

காஞ்சிபுரம் நடந்து பார்க்காத ஊருமன்று. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் விழா 48 நாள் நடந்தபோது, வெளியூர் வாகனங்கள் ஊரின் எல்லையிலேயே நிறுத்தப்பட்டன. மக்கள் ஒரு கோடிக்கும் மேல் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. நெரிசலில் உயிர்கள் போன துயரமும் நேர்ந்தது; ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. ஆனாலும் வண்டியை எல்லையில் நிறுத்திவிட்டு ஊருக்குள் வருவது இயலாத காரியம் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

சட்டமும் நம் பக்கமே

நடைபாதையில் தடையின்றி நடக்க ஆகக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த அகலத்தில் ஒரு காமெட் ஏறி நின்றால் மிஞ்சுவது முப்பது சென்டிமீட்டர். ஒரு சாண் சொச்சம். சக்கர நாற்காலி அதில் எப்படிப் போகும்? நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தெளிவுபடுத்தியது. இது வெறும் சொல்லன்று. 2022இல் மட்டும் நாட்டின் சாலைகளில் நடந்து சென்றவர்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விபத்தில் இறந்தனர். நடைபாதையில் இடமின்றிச் சாலையில் இறங்கி நடப்பவருக்கு ஆபத்து இன்னும் நெருங்கி வருகிறது.

அலங்காரத்திற்கும் எல்லை உண்டு. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. இவை நடப்பவரின் பாதுகாப்பிற்காகவும் ஏற்பட்டவை. ஓட்டுபவரின் முகம் தெரிந்தால்தான் குறுக்கே நடப்பவர் அவர் நிற்பாரா, போவாரா என்பதை அறிய முடியும்.

எங்கிருந்து தொடங்குவது?

2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சியில் நடைபாதை கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. காந்தி சாலையிலும் ராஜ வீதிகளிலும் தொடர்ச்சியான நடைபாதை வேண்டும். ஊரின் எல்லையில் வண்டி நிறுத்துமிடங்கள் வேண்டும். தெருவோர வியாபாரிகளை விரட்டி அந்த இடத்தைக் காருக்குக் கொடுக்கும் தந்திரத்தையும் ஏற்கலாகாது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் பிழைப்புக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. நடக்க இயலாதவர், நோயாளி ஆகியோரின் வண்டி வாசல்வரை வரட்டும். இறக்கிவிட்டபின் வழியை விட்டு விலகட்டும்.

ஆனால் பிறரிடம் கேட்கும் முன் நம் பள்ளிவாசல் வாசலைப் பார்க்க வேண்டும். ஜும்ஆ நேரத்தில் பள்ளியைச் சுற்றி நிற்கும் வண்டிகளால் அண்டை வீட்டார் வாசலைத் திறக்க முடியாமல் தவிப்பது எத்தனை ஊர்களில் நடக்கிறது! அந்த அண்டை வீட்டார் எந்த மதத்தவராயினும் அவர்களுக்கு நம்மீது ஹக்கு உண்டு. அவர்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டு முன் வரிசையில் நிற்பதில் என்ன பெருமை? பனூ ஸலிமா குலத்தார் பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிச் சுவடுகள் பதியப்படுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பத்து நிமிட நடைத் தொலைவில் வசிப்பவர் அந்த நன்மையை ஏன் இழக்க வேண்டும்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளை உரிமையோடு வேண்டுகிறோம். வண்டியை எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று வெள்ளிதோறும் அறிவியுங்கள். தொண்டர் இருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள். ஜமாஅத்துக்கென இடமிருந்தால் மஹல்லாவினர் குறைந்த வாடகையில் வண்டி நிறுத்த அதை ஒழுங்குபடுத்துங்கள். கதீப்மார்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதையின் ஹக்கைக் குத்பாவின் பொருளாக்கட்டும்.

கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல். பின்புறக் கண்ணாடியில் அல்லாஹ்வின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டியால் வழி அடைபட்டு, சாக்கடை ஓரமாகக் கால்வைத்துக் கடக்கும் மூதாட்டி முதலில் படிப்பதும் அந்தப் பெயரைத்தான். அவர் மனம் நோகாதபடி அந்த வண்டியை நிறுத்துங்கள்.

பாதையின் ஹக்கைப் பேணி நடக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.