ஓரி விழாவில் காரிக்கு மாலையா?

ஆடிப் பதினெட்டு வந்தால் எங்கள் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. மேடை ஏறும் சிலர், ஓரியும் காரியும் கடையெழு வள்ளல்கள் என்று இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்ந்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வளப்பூர் நாட்டுக்காரனான எனக்கு இது ஒப்பவில்லை.

ஓரியைக் கொன்றதே அந்தக் காரிதானே! கொன்றபின் கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூறே சொல்லும் செய்தி இது. புலவர்களுக்குத் தேர் தந்தவன் என்பார்கள். சரி, தன் தேரைக் கொடுத்தால் கொடை. அடுத்தவன் மலையைப் பிடுங்கிக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

சிலப்பதிகாரத்துப் பாண்டியனைப் பாருங்கள். தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னது பெருங்குற்றம்தான். ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும், குற்றம் தன்னுடையதே என்று ஏற்று அரியணையிலேயே உயிரை விட்டான். தன் பிழைக்குத் தானே விலை கொடுத்தான். காரியின் வெற்றிக்கு விலை கொடுத்தவனோ ஓரி.

மன்னன் நல்லவனா கெட்டவனா என்பதை அவன் அள்ளிக் கொடுத்ததை வைத்து அளக்காதீர்கள். அது யாருடைய பொருள் என்று முதலில் கேளுங்கள். காரியின் கொடையைத் திருக்கோவலூரில் பாடட்டும், தடையில்லை. ஓரியின் மலையில் வேண்டாம் ஐயா.