'பருவம்' என்னும் சாக்கு

இளையோர் கவிதை குறித்த ஆய்வேடுகளின் பொருளடக்கத்தைப் புரட்டினால் ஒரே வாய்பாடுதான்: அடையாளச் சிக்கல், தலைமுறை இடைவெளி, விழுமிய மாற்றம், முடிவுரை. எழுதியவர் இருபதுகளில் இருக்கிறார் என்பதாலேயே அவர் முன்வைக்கும் வாதம் வாதமாகக் கொள்ளப்படுவதில்லை; வளரும் பருவத்தின் அறிகுறியாகக் குறித்துக்கொள்ளப்படுகிறது. இதனை வாசிப்பு என்று என்னால் ஒப்ப இயலவில்லை.

தெலுங்கின் திகம்பர கவிகளை எடுத்துக்கொள்வோம். 1965, 1966, 1968 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வந்தன. முதல் தொகுதியின்போது அறுவரும் இருபதுகளில் இருந்தனர். ஐதராபாத்தில் அதனை நள்ளிரவில் வெளியிட்டவர் ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளி. இக்காட்சியைச் சுட்டி 'இளமையின் கலகம்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது நமக்கு. மொழியியல் பயின்ற எனக்கோ அவர்கள் சூடிக்கொண்ட பெயர்களே முதன்மையாகப் படுகின்றன. யாதவ ரெட்டி நிகிலேஸ்வர் ஆனார். இராகவாச்சாரி ஜ்வாலாமுகி ஆனார். புனைபெயர் மோகம் என்று இதனைக் கடந்துவிட முடியாது. நம் சமூகத்தில் பெயரின் ஈற்றில் நிற்கும் சாதிச்சொல் வெறும் ஒலித்தொடர் அன்று. யாரை எப்படி விளிக்கலாம், யார் வீட்டில் எதுவரை நுழையலாம் என்பதையெல்லாம் அறிவிக்கும் குறி அது. அதனைக் களைந்தவர்கள் விழுமிய மாற்றத்தைச் 'சித்திரித்தார்கள்' என்று எழுதுவது பிழை. மாற்றத்தைச் செய்தார்கள். கிழமைகளுக்கும் பருவங்களுக்கும்கூட வேறு பெயர் இட்டார்கள்.

எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. இழிவைச் சுட்ட வந்த இடங்களில் பெண்ணுடலே அவர்களுக்கு உருவகமாயிற்று. சாதிப்பெயர் போயிற்று; ஆண் பார்வை போகவில்லை. 1980களில் எழுந்த தெலுங்குப் பெண்ணியக் கவிதை வழக்காடியது இத்தகைய சொற்களஞ்சியத்தோடும்தான். கருப்பொருள் பட்டியலில் இந்த முரண் அகப்படாது. சொல்லை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நம்மில் பலருக்குப் பொறுமையில்லை.

மராத்தியில் நாம்தேவ் தசாளின் 'கோல்பிட்டா' 1972இல் வந்தது. அவருக்கு வயது 23. மும்பையின் பாலியல் தொழில் பகுதியின் பேச்சு அதில் கவிதையாயிற்று. முன்னுரை எழுதிய விஜய் டெண்டுல்கருக்கே பல சொற்கள் விளங்கவில்லை. இங்கே பக்குவம் போதாதவர் யார்? பிற்காலத்தில் இதே தசாள் சிவசேனையோடு நெருங்கினார். அதனை 'அரசியல் நிலைப்பாடு' என்கிறோம். இருபத்து மூன்றில் எழுதியதற்கு மட்டும் 'பருவக் கொந்தளிப்பு' என்று பெயர். முதுமைக் கொந்தளிப்பு என்றோர் இயலை எந்த ஆய்வேட்டிலும் நான் கண்டதில்லை.

வயது ஏறினால் தணிந்துவிடும் என்பது மேசைக்கு அப்பாலிருந்து வரும் வழக்கமான மறுமொழி. திகம்பர கவிகளுள் ஒருவரான செரபண்டராஜு தணியவில்லை. 1970இல் விரசம் என்னும் புரட்சி எழுத்தாளர் சங்கம் உருவானபோது அதில் இணைந்தார், சிறை சென்றார்; 1982இல் இறக்கும்வரை அப்பெயரிலேயே எழுதினார். பாஸ்கர ரெட்டியாகத் திரும்பி வரவில்லை.

இன்று வளாகங்களில் எழுதும் மாணவர்களின் கவிதைகளும் இதே வாய்பாட்டுக்குள்தான் தள்ளப்படுகின்றன. சாதியைப் பற்றி, மணத்தைப் பற்றி, தம் பாலினத்தைப் பற்றி அவர்கள் நம்மிடம் நேரடியாகக் கேட்கிறார்கள். நாமோ 'நிலைமாற்றக் கால உளவியல்' என்று தலைப்பிட்டு மதிப்பெண் போடுகிறோம். அடுத்த கருத்தரங்க அழைப்பில் 'இளையோர்' என்னும் சொல்லை அடித்துவிட்டு, அதே கவிதைகளை அவைமுன் வையுங்கள். பதில் சொல்ல எத்தனை பேராசிரியர்கள் எழுகிறார்கள் என்று பார்ப்போம்.