பழைய கூரைக்குக் கடன் கொடுப்பது யார்?

ஐப்பசி மழை தொடங்க முன்னர் கூரையை அண்ணாந்து பாராத குடும்பம் யாழ்ப்பாணத்தில் குறைவு. கறையான் தின்ற பனஞ்சலாகை, விலகிய ஓடு, வெடித்த பீலி, கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும் கொங்கிறீற் தட்டு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை காத்திருக்கும். 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவிப் புயலும் கொண்டுவந்த மழை குடாநாட்டு வீடுகளைப் பெரிதும் சேதப்படுத்தியதை எவரும் மறந்திருக்க முடியாது.

இந்த வேலைக்கு நாலைந்து இலட்சம் ரூபா தேவைப்படும் குடும்பம் எங்கே போவது? அரசின் வீட்டுத்திட்டங்கள் பெரும்பாலும் புது வீட்டுக்கானவை. வங்கியின் வீட்டுக்கடனுக்குக் குறையில்லாத காணி உறுதியும் மாதச் சம்பளமும் வேண்டும். ஏற்கெனவே வீட்டை ஈடு வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு அதே ஈட்டின் மேல் இன்னொரு கடனை வங்கி நீட்டும். இந்த இரண்டு வழியும் இல்லாதவருக்கு மிஞ்சுவது நகை அடகும் சீட்டும் நுண்கடனும்தான். வீடு கட்டக் கடன் தரும் நாட்டில், கட்டிய வீட்டைக் காப்பாற்ற இவர்களுக்கு எட்டும் நேரான கடன் அரிது. போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தின் கடன்சுமைக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

குடாநாட்டைப் பொறுத்தவரை திருத்த வேலை ஒருபோதும் சிறிய விடயமாக இருந்ததில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தவை கூரையும் கதவும் நிலையும் இல்லாத சுவர்கள். அந்தச் சுவர்களில் பல இன்றும் நிற்கின்றன. சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய நாற்சார் வீட்டின் சுவருக்குக் கூரையும் பூச்சும் கிடைத்தால் அது இன்னொரு தலைமுறைக்கும் நிற்கும். இடித்துக் கட்டுவதே கௌரவம் என்ற எண்ணம்தான் பல குடும்பங்களைத் தேவைக்கு மேற்பட்ட கடனில் தள்ளுகிறது.

போருக்குப் பின்னர் வந்தவற்றில் மிகப் பெரியது 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம். நாடு முழுவதற்குமான 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. புது வீட்டுக்கு 5,50,000 ரூபா, சேதமடைந்த வீட்டைத் திருத்த 2,50,000 ரூபா என்று பணம் கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. ஒப்பந்தகாரரை நம்பாமல் வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, கல்லும் மணலும் வாங்கிக் கட்டினார். அந்த முறை நல்ல முறை. வேலை ஊருக்குள் கிடைத்தது, வீட்டின் மேல் உரிமையுணர்வும் வந்தது. திருத்த வேலைக்கென்று தனித்தொகை ஒதுக்கியதும் அத்திட்டம் செய்த சரியான காரியங்களில் ஒன்று.

ஆனால் சிக்கலும் அங்கேயே முளைத்தது. ஐந்தரை இலட்சத்துக்குள் அடங்க வேண்டிய வீட்டோடு ஓர் அறை கூடியது, விறாந்தை நீண்டது, சுவாமி அறை சேர்ந்தது. பொருட்களின் விலையும் ஏறியது. அடுத்த கட்டப் பணம் வர, முந்திய கட்டம் முடிந்திருக்க வேண்டும். அதை முடிக்கத் தாலிக்கொடி அடகுக்குப் போனது. கட்டியவர்களை இதற்காகக் குறைசொல்ல முடியாது. இங்கே வீடு மகளின் சீதனம். நாளைக்குப் பிள்ளையின் கலியாணப் பேச்சில் அந்த அறையையும் எண்ணுவார்கள் என்பது தாய்க்குத் தெரியும். திட்டம் வகுத்தவர்கள் சதுர அடியைக் கணக்கிட்டார்கள். அந்தத் தாயின் கணக்கு அவர்களுடைய தாளில் இருக்கவில்லை.

2016 இல் ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனத்தைக் கொண்டு 65,000 உருக்கு வீடுகளை, ஒன்று 21 இலட்சம் ரூபா வரையான செலவில், வடக்கிலும் கிழக்கிலும் பொருத்தித் தரும் யோசனை வந்தது. அதில் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்றும், பணமும் வேலையும் வெளியே போய்விடும் என்றும் பொறியியலாளர்களும் அரசியலாளர்களும் எதிர்த்தார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. பின்னர் வந்த வீடமைப்பு அதிகார சபையின் மாதிரிக் கிராம வீடுகள் வேறொரு பாடத்தைச் சொல்லின. 2019 இறுதியில் ஆட்சி மாறியதும் கட்டப் பணம் நின்றது. அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் நின்ற வீடுகளுக்குக் கடைக்கடனும் கைக்கடனும் மட்டும் மிஞ்சின.

அடுத்து வந்தது 2022. அந்த ஆண்டு ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி 6.5, 7.5 வீதங்களாக இருந்த கொள்கை வட்டிவீதங்களை ஒரே நாளில் 13.5, 14.5 ஆக்கியது. ஆண்டு முடிவில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டிவீதம் 27 ஐத் தாண்டியிருந்தது. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது.

இந்த எண்களை ஒரு குடும்பத்தின் கொப்பியில் எழுதிப் பார்க்க வேண்டும். 12 வீத வட்டிக்கு 15 ஆண்டுத் தவணையில் 20 இலட்சம் எடுத்த ஆசிரியர் ஒருவர் மாதம் ஏறக்குறைய 24,000 ரூபா கட்டுவார். அதே கடன் மாறும் வட்டியில் இருந்து 27 வீதத்துக்கு ஏறினால், வட்டி மட்டுமே மாதம் 45,000 ரூபா. கடனின் முதலில் ஒரு சதமும் குறையாது. 2020 இறுதியில் மத்திய வங்கி சம்பளகாரருக்கான வீட்டுக்கடனுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 7 வீத உச்சவரம்பு வைத்தது. அந்த வாய்ப்பைப் பிடித்தவர்கள் இந்தப் புயலில் தப்பினார்கள். வட்டி நிலையானதா மாறுவதா என்ற ஒரு வரி, சில குடும்பங்களின் பத்து ஆண்டு உழைப்பைத் தீர்மானித்தது.

2023 ஜூனிலிருந்து வட்டி இறங்கியது. 2025 மே மாதத்தில் கொள்கை வட்டிவீதம் 7.75 ஆனது. விட்ட வேலையை இனித் தொடங்கலாம் என்று பலர் நினைக்கும் காலம் இது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடனின் ஆயுளை. ஐந்து இலட்சத்துக்குக் கூரையும் வயரிங்கும் திருத்தி, அந்தத் தொகையைப் பழைய வீட்டுக்கடனோடு சேர்த்து 15 ஆண்டுக்கு நீட்டினால், 12 வீத வட்டியில் மாதம் கூடுவது 6,000 ரூபாதான். கேட்க இலேசு. ஆனால் கட்டி முடிக்கும்போது கைவிட்டுப் போவது 10,80,000 ரூபா. அதே ஐந்து இலட்சத்தை மூன்று ஆண்டில் அடைத்தால் மாதம் 16,600 ரூபா, மொத்தம் ஆறு இலட்சத்துக்குள் முடியும். நாலைந்து மாரியில் உதிரும் வர்ணத்துக்குப் பதினைந்து ஆண்டு வட்டி கட்டுவது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது.

வேலையின் ஒழுங்கும் அதே அளவு முக்கியம். கூரையும் பீலியும் முதலில். நீர் உள்ளே வரும் வரை சுவருக்குப் பூசுவதில் பயனில்லை. அடுத்தது வயரிங். அதன் பின்னர் மலசலகூடம். குடாநாட்டின் குடிநீரில் பெரும்பகுதி சுண்ணக்கற் பாறைக்குள் நிற்கும் நிலத்தடி நீர். கிணற்றுக்கு அருகில் கசியும் குழி அந்த வீட்டின் குடிநீரை மட்டுமன்றி அயல் வளவின் குடிநீரையும் கெடுக்கும். நில ஓடும் வர்ணமும் மதிலும் கடைசியில் வரட்டும். வீதியால் போவோர் கண்ணில் படுபவை இந்த மூன்றும் என்பதால்தான் பலர் இவற்றையே முதலில் செய்கிறார்கள்.

பழைய பொருளைத் தூக்கி எறியாமல் இருப்பதும் பெரிய மிச்சம். யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. மணல் வடமராட்சி கிழக்கின் மணற்காடு போன்ற கரையோரத்திலிருந்தோ வன்னியிலிருந்தோதான் வர வேண்டும். தோண்டத் தோண்டக் கரையோர மணற்குன்றுகளும் அழியும். கருங்கற் சல்லி பெருநிலப்பரப்பிலிருந்து வருகிறது. ஒவ்வொரு லோட்டிலும் ஏற்றுகூலி ஒளிந்திருக்கிறது. ஆகவே உடையாத பழைய ஓட்டைக் கழுவி மீண்டும் அடுக்குவதும், வைரம் பாய்ந்த பனந்தீராந்தியை அப்படியே விடுவதும் பணத்தையும் மண்ணையும் காக்கும். அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அதை வெட்டும்போதும் துளைக்கும்போதும் கிளம்பும் தூசு புற்றுநோயைத் தரக்கூடியது. இலங்கை 1987 இல் நீல அஸ்பெஸ்டஸைத் தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் நிறுத்த எடுத்த முடிவு, 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கப்பட்டது. சீற்றைக் கழற்றுபவர் நனைத்துக் கழற்ற வேண்டும், முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் வளவில் குவிக்கக் கூடாது.

குடும்பம் இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு கதவு மூடியே இருக்கிறது. அது காணி உறுதி. போரில் உறுதியைத் தொலைத்தவர்கள் பலர். பிரியாத பங்கில் ஒரு சகோதரம் ரொறன்ரோவிலும் இன்னொன்று பாரிஸிலும் இருக்க, அற்றோணித் தத்துவம் வர மாதக்கணக்கில் ஆகும். பெண்ணுக்குச் சட்டமும் தடையாக நிற்கிறது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின் வழிவந்த 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தால் ஆளப்படும் மனைவி, தன் பெயரில் உள்ள சீதன வீட்டை ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும். கணவன் காணாமற்போனவராகவோ கைவிட்டுப் போனவராகவோ இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தின் படியேற வேண்டும். வீடு அவளுடையது, கூரை அவள் தலைக்கு மேல் ஒழுகுகிறது, கடன் கேட்கும் உரிமை மட்டும் முழுதாக அவளிடம் இல்லை.

அந்தப் பெண்தான் நுண்கடன் நிறுவனத்தின் வாசலில் நிற்கிறாள். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போவதைப் பதிவுசெய்தார். அதே ஆண்டில் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்குக் குறைந்த நுண்கடன்களின் நிலுவையைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. கடன் பொறியிலிருந்து பெண்களை ஒருமுறை வெளியே எடுத்ததை வரவேற்கலாம். அவர்களை அங்கே தள்ளிய தேவை அப்படியே இருக்கிறது.

செய்ய வேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் குடாநாட்டு ஊர்களில் பல பத்தாண்டு அனுபவத்தோடு இயங்குகின்றன. யாருடைய கூரை ஒழுகுகிறது, யார் தவணை தவறாதவர் என்பது அந்தச் சங்கத்தின் உறுப்பினருக்குத் தெரியும். மத்திய அரசும் வடக்கு மாகாண நிர்வாகமும் அரச வங்கிகளும் சேர்ந்து அச்சங்கங்கள் ஊடாக வீடு திருத்தக் கடனொன்றைத் தர வேண்டும். தொகை ஐந்து இலட்சத்துக்குள், காலம் ஐந்து ஆண்டுக்குள், வட்டி முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறாதது. காணியை ஈடு கேட்கக் கூடாது. இரண்டு உறுப்பினரின் பிணை போதும். இந்திய வீட்டுத்திட்டத்தைப் போலப் பணத்தைக் கட்டங்கட்டமாகக் கொடுக்கலாம், ஆனால் முதற்கட்டத்தை வேலை தொடங்க முன்னரே கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடகுக்கடைக்கு வேலை இராது. ஆட்சி மாறினாலும் தொடங்கிய கடனின் மிகுதி வந்துசேரும் என்ற எழுத்துமூல உறுதிமொழி வேண்டும். கூடவே, மனைவி தன் சொத்தைக் கையாளக் கணவனின் சம்மதம் கேட்கும் விதியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே நியாயம், ஈடில்லாத கடன் திரும்பி வராது என்பது. உண்மையில் 2022 இல் திணறியவர்களில் காணியை ஈடு வைத்து, மாறும் வட்டியில் பெருந்தொகை எடுத்தவர்களும் இருந்தார்கள். சிறிய தொகையும் குறுகிய காலமும் அறிந்த அயலாரின் பிணையும், கடனைத் திருப்பிப் பெறும் வழியாக உறுதியைவிடக் குறைந்தவை அல்ல.

வங்கிக்குப் போகும் வாசகர் கையெழுத்திட முன்னர் நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வட்டி எத்தனை ஆண்டுக்கு மாறாது? மாறினால் எதை வைத்து, எவ்வளவு வரை மாறும்? முன்கூட்டி அடைத்தால் தண்டப்பணம் உண்டா? மொத்தமாகக் கட்டப் போகும் தொகை எவ்வளவு? இந்த நான்குக்கும் தெளிவான பதில் தராத இடத்தில் உறுதியைக் கொடுக்க வேண்டாம்.