ஒரு கலன் நீரும் ஒரு மாதப் பயணமும்

சிறு பாய்ப்படகிலே உலகைச் சுற்றி வருவோரைப் பற்றிக் கேள்வியுறும்போது நம் உள்ளத்தில் எழுவன பெரும்பாலும் இன்பக் காட்சிகளே. நீலக் கடல், வெண்மணற் கரை, தென்னஞ்சோலை, கடிகாரத்துக்கு அடிமைப்படாத வாழ்வு என்பன நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆயின், அப்படிச் சென்று வந்தோர் எழுதிய நூல்களைப் புரட்டுவோர் காண்பது வேறொன்று. குடிநீர், அடுப்பு, உறக்கம், அறுந்த கயிறு என்பன பற்றியே அவற்றிற் பக்கம் பக்கமாகப் பேசப்படுகின்றது. இவை யாவும் நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் காரியங்களே. கரையில் நாம் எண்ணாமற் செய்வதை அவர்கள் எண்ணிச் செய்கின்றனர் என்பதே வேற்றுமை.

ஜோசுவா ஸ்லோக்கம் என்னும் மாலுமி, 1895ஆம் ஆண்டில், ஏறத்தாழ 37 அடி நீளமுள்ள 'ஸ்பிறே' என்ற படகிலே பொஸ்ரன் நகரிலிருந்து தனியராகப் புறப்பட்டு, 1898இல் உலகைச் சுற்றி மீண்டார். தன்னந்தனியே அவ்வாறு உலகை வலம் வந்தவர்களுள் அவரே முதல்வர். எரிக் ஹிஸ்கொக், சூசன் என்னும் ஆங்கிலத் தம்பதியர் 1952 முதல் 1955 வரை 30 அடிப் படகொன்றிலே உலகைச் சுற்றினர். அவர்களுக்குப் பின் எத்தனையோ குடும்பங்கள், குழந்தைகளையும் பாடப்புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு, அயனமண்டலக் கடல்களிலே பயணஞ் செய்துள்ளன. வடகீழ்ப் பருவக்காற்றின் துணையுடன் மேற்கு நோக்கிச் செல்லும் இத்தகைய படகுகள் நமது காலித் துறைமுகத்திலும் தங்கிச் சென்றதுண்டு.

மாணாக்கர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். பசுபிக் சமுத்திரத்திலே கலாபகோஸ் தீவுகளிலிருந்து மாக்கேசாஸ் தீவுகளுக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 3000 கடல்மைல். இடையிலே தங்குதற்கு ஒரு தீவுமில்லை. வியாபாரக் காற்றுச் சீராக வீசி, படகு மணிக்கு 5 கடல்மைல் சென்றால், ஒரு நாளில் 120 மைல் கடக்கும். பயணம் 25 நாளில் முடியும். குடிப்பதற்கும் சமைப்பதற்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கலன் நீர் என்பது பழைய மாலுமிகள் வகுத்த கணக்கு. இருவருக்கு 25 கலன் வேண்டும். காற்று ஓய்ந்துவிடின் என் செய்வது? ஆதலால் அதிற் பாதியை மேலும் சேர்ப்பர். ஏறத்தாழ 38 கலன் ஆகின்றது. ஒரு கலன் நீரின் நிறை 10 இறாத்தல். 380 இறாத்தல் நீரைச் சிறு படகொன்று சுமக்கவேண்டும். உணவும் எரிபொருளும் கருவிகளும் வேறு. விரும்பிய அளவு நீரை ஏற்றிச் செல்லுதல் இயலாது என்பது இப்போது விளங்கும்.

எனவே, படகிலே பாத்திரங் கழுவுவதும் நீராடுவதும் துணி துவைப்பதும் கடல்நீரிலேயே நடைபெறுகின்றன. சாதாரண சவர்க்காரம் கடல்நீரில் நுரைப்பதில்லை. அந்நீரிலுள்ள கல்சிய, மகனீசிய உப்புக்கள் அதனைத் திரையச் செய்துவிடும். தேங்காயெண்ணெயினாற் செய்த சவர்க்காரமோ உப்புநீரிலும் நுரை தரும். அதனாலேயே கப்பல்களுக்கெனச் செய்யப்பட்ட சவர்க்காரத்துக்குத் தேங்காயெண்ணெய் பயன்பட்டது. நீராடியபின் ஒரு கோப்பை நன்னீரால் உடம்பைத் துடைத்துக்கொள்வர். உப்பு ஊறிய துணி முற்றாக உலர்வதில்லை. அதிலுள்ள உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஆதலால் வானத்திலே கருமேகம் திரண்டால் படகிலுள்ளோர் ஒருபுறம் அஞ்சிப் பாயைச் சுருக்குகின்றனர். மறுபுறம் மகிழ்ந்து வாளிகளைத் தேடுகின்றனர். முதல் மழை பந்தற்சீலையிலுள்ள உப்பைக் கழுவும்வரை பொறுத்திருந்து, பின்னரே நீரைப் பிடித்துத் தாங்கியில் நிரப்புவர்.

இனி அடுக்களையைப் பார்ப்போம். படகு எப்புறஞ் சாயினும் அடுப்பு மட்டமாக நிற்கும்படி, நம் வீட்டு உறியைப்போல, அசையுமாறு தொங்கவிடப்பட்டிருக்கும். முட்டைகளுக்கு வசிலீன் பூசி வைத்தால் அவை பல கிழமைகள் கெடாதிருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணிக்காய், தேசிக்காய் என்பன நெடுநாள் நிற்கும் நண்பர்கள். வாழைக்குலை மட்டும் நம்பத்தக்கதன்று. பல நாள் பச்சையாகத் தொங்கிவிட்டு, ஒரே நாளில் முழுவதும் பழுத்துவிடும்! அதனை ஏற்றுமுன் கடலில் முக்கி எடுப்பர். இல்லையேல் கரப்பான் பூச்சிகளும் கட்டணமின்றிப் பயணஞ் செய்யும். தகரத்தில் அடைத்த உணவுகளின் கடதாசிப் பெயர்த்துண்டுகளை முன்னரே உரித்துவிட்டு, உள்ளே இருப்பதன் பெயரைத் தகரத்தின்மேல் எழுதிவைப்பர். படகின் அடியில் ஊறும் நீரிலே அக்கடதாசி கழன்று, நீரிறைக்கும் பம்பியை அடைத்துவிடும் என்பதே காரணம். ஒரு கடதாசித் துண்டு ஒரு படகையே ஆபத்துக்குள்ளாக்க வல்லது!

இரவு வந்தாலும் வேலை ஓய்வதில்லை. கணவன் மூன்று மணி நேரம் விழித்திருக்க, மனைவி உறங்குவாள். பின்னர் முறை மாறும். அடிவானத்திலே சிறு வெளிச்சமாகத் தோன்றும் பெருங்கப்பல் இருபது நிமிடத்துக்குள் அருகே வந்துவிடலாம். அதிலுள்ளோர் சிறு படகைக் காணாமலும் போகலாம். விண்மீன்களை ஒருபுறமிருந்து ஏதோ விழுங்கிவருவதுபோலத் தோன்றினால், புயற்காற்றுடன் மழை வருகின்றதென்று அறிந்து பாயைக் குறைத்தல் வேண்டும். மணிக்கு 5 கடல்மைல் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 150 மீற்றர் சென்றுவிடும். உறங்குபவர் அறியாமல் காவலிருப்பவர் கடலில் விழுந்துவிடின், அவரை மீண்டும் காண்பது அரிது. அதனால், காற்று மெல்ல வீசும் இரவிலும், காவலிருப்பவர் தம் உடலைக் கயிற்றினாற் படகுடன் பிணைத்துக்கொள்வர். அக்கயிறு அவருக்காக மட்டும் கட்டப்படுவதன்று. உள்ளே நம்பிக்கையோடு உறங்குபவருக்காகவும் கட்டப்படுவதாகும்.

இக்காலத்திலே பல படகுகளில் வசதிகள் பெருகியுள்ளன. சூரிய ஒளியால் மின்சாரம் பெறுகின்றனர். கடல்நீரை மென்றகட்டினூடாக அழுத்தி நன்னீராக்குங் கருவியும், செயற்கைக்கோளின் உதவியால் இருக்குமிடத்தைக் காட்டுங் கருவியும் உண்டு. எனினும், அறிவுடைய மாலுமி தாங்கியில் நீரை நிரப்பாமற் புறப்படுவதில்லை. கருவி பழுதுறும் நாள் எந்நாள் என்று எவர் கூறவல்லார்?

இவ்வாழ்வை உற்றுநோக்குமிடத்து, சிக்கனம் என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் மிகக் குறுகியது என்பது புலனாகும். பணத்தைச் சேர்ப்பதற்காகக் கையை இறுக்குதலே சிக்கனம் என்று எண்ணுகின்றோம். படகிலே ஒருவர் மிகையாகப் பருகும் கோப்பை நீர், மற்றவருக்கு உரிய நீராகும். அங்கே அளந்து பருகுதல் கருமித்தனமன்று. அருகிலிருப்பவரிடத்துக் கொண்ட அன்பின் செயல் வடிவம். தாங்கியைத் தட்டிப் பார்த்து நீரின் மட்டத்தை அறியும் குழந்தைக்கு இதனை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலே நாமும் ஒருவகையில் இத்தகைய தாங்கி ஒன்றையே நம்பி வாழ்கின்றோம். சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால், இனிக்கும் கிணறு உவர்க்கத் தொடங்கும். படகிலுள்ளோருக்கு இருபத்தைந்து நாளில் ஒரு கரை தென்படும். அங்கே தாங்கியை நிரப்பிக்கொள்வர். நமக்கு மாரி மழையன்றி வேறு துறைமுகமில்லை. நாம் இறைக்கும் நீரை நம்பி அடுத்த வளவிலும் ஒரு குடும்பம் இருக்கின்றது. நாளை அக்கிணற்றடிக்கு வரவிருக்கும் நம் பிள்ளைகளும் இருக்கின்றனர். இன்று மாலை பம்பியை நிறுத்தச் செல்லும்போது இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.