பேரிக்காய்க் களவும் பிறவிக் குணமும்

மனிதன் பாவ சுபாவமுடையவன், தன்னைத் தானே மீட்டுக்கொள்ள வலியற்றவன் என்னும் கிறிஸ்தவ போதகம் கற்றோர் செவிக்கு இனிப்பதன்று. அது மனிதனை இழிவுபடுத்துவதென்றும், முயற்சியைக் கெடுப்பதென்றும், கல்வி பரவப் பரவத் தானே மறைந்தொழியும் பழங்கொள்கையென்றும் கூறுவார் பலர். நாம் அங்ஙனம் கருதுகின்றிலோம். இப்போதகத்தைக் கைவிடும்பொழுதே மனிதன்மேல் சுமக்கவொண்ணாப் பாரம் ஏறுகின்றது என்பது நம் துணிபு.

வட ஆப்பிரிக்காவிலே, இன்று அல்ஜீரியா என வழங்கும் தேசத்தில், தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டிற் பிறந்தவர் அகுஸ்தீன். அவர் தமது 'அறிக்கைகள்' என்னும் நூலின் இரண்டாம் புத்தகத்தில், பதினாறாம் பிராயத்திற் செய்த ஒரு களவை விவரிக்கின்றார். இரவிலே தோழருடன் சென்று அயலாருடைய பேரிமரத்தை உலுக்கிக் காய்களை வாரிக்கொண்டனர். பசியினாலன்று, அவற்றினும் நல்லவை அவரிடம் மிகுதியாயிருந்தன. தின்றவை சில, எஞ்சியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். சில காய்களுக்காக இத்தனை பக்கங்களா என்று நகைப்பாருமுளர். ஆனால் வறுமை, பகை, ஆசை என்னும் காரணங்களுள் ஒன்றையும் காட்டவியலாத சிறு குற்றமாயிருத்தலின் அன்றோ அது அவரை அத்துணை வருத்திற்று? விலக்கப்பட்டது என்பதே அதன் சுவை. தனித்திருந்தால் செய்திரேன் என்றும் அவர் உணர்ந்து எழுதுகின்றார். விடுதி வாழ்க்கை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

கல்வியின்மையைக் காரணங் கூறவும் இடமில்லை. அவர் இலக்கணமும் இலக்கியமும் நன்கு பயின்ற மாணவர். பின்னர் மிலான் நகரில் அலங்கார சாஸ்திரப் போதகராய் விளங்கியவர். கல்வி அவர் நாவைத் திருத்திற்று, சித்தத்தைத் திருத்தவில்லை.

இவரை எதிர்த்தெழுந்தவர் பிரித்தானியாவினின்று உரோமாபுரிக்கு வந்த பெலாகியு. ஒழுக்கத்திற் சிறந்தவர், அகுஸ்தீனே அதனை ஒப்புக்கொண்டார். கடவுள் கூடாத காரியத்தைக் கட்டளையிடார். ஆதலின் மனிதன் மனம்வைத்தால் பாவமின்றி வாழக்கூடும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு எவ்வளவு ஊக்கமளிக்கின்றது! ஆயின், குடிக்கு அடிமைப்பட்டு, ஒவ்வொரு காலையும் விட்டுவிட உறுதிபூண்டு, ஒவ்வொரு மாலையும் வீழ்கின்ற ஒருவனிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள். 'உன்னாற் கூடும், நீ மனம்வைக்கவில்லை' என்னும் சொல் அவனுக்கு ஆறுதலோ, தீர்ப்போ? விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையைச் செய்யும் நிலையைப் பவுல் அப்போஸ்தலர் ரோமர் நிருபம் ஏழாம் அதிகாரத்தில் வரைந்துள்ளார். அக்குடியன் அவ்வதிகாரத்தைத் தன் சரித்திரமாகவே வாசிப்பான். 418ஆம் ஆண்டிற் கூடிய கார்த்தேச் சங்கம் பெலாகியுவின் போதனையை மறுத்தது.

அகுஸ்தீன் கூறியனைத்தையும் நாம் ஏற்கவேண்டுமென்பதில்லை. ஆதாமின் குற்றப்பழியே பிறக்குங் குழந்தைமேல் வருகின்றதென அவர் கொண்டதற்கு ரோமர் ஐந்தாம் அதிகாரத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பு ஒரு காரணமாயிருந்தது. கிரேக்க மூலத்தை வாசித்த கீழ்த்திசைச் சபைகள் மரணமும் பலவீனமும் வழிவழி வருவதை ஒப்புமேயன்றிப் பழி வருவதை ஒப்பா. ஞானஸ்நானமின்றி இறந்த சிசுக்களைப்பற்றி அவர் எழுதியவை மிகக் கடியன; அவற்றை நாம் ஏற்கத் துணியோம். நோயை அறிந்த அளவுக்கு அதன் மூலத்தை அவர் அறிந்தாரில்லை எனலாம்.

1678இல் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தையும், அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தையும் நம்மவர் அறிவர். பனியன் நூலில், முதுகிற் சுமையோடு வரும் பிரயாணியை, ஒழுக்கம் என்னும் ஊருக்குப் போ, அங்கே ஒருவர் இறக்கிவிடுவார் என்று உலகஞானி ஒருவர் வழிதிருப்புகின்றார். போகும் வழியில் மலையொன்று தலைமேல் விழுமாப்போற் சாய்ந்து நிற்கச் சுமை முன்னினும் கனக்கின்றது. பின்பு சிலுவையின் முன்னே அது தானே கழன்று உருளுகின்றது. அவன் கை அதன் கட்டை அவிழ்க்கவில்லை.

கல்லூரியென்பது இயல்பிலே பெலாகியுவின் இல்லம். முயன்றவனுக்கு மதிப்பெண், முயலாதவனுக்குத் தோல்வி. பாடத்திற்கு அது தகும். மாணவனொருவன் நூல்நிலையத்திற் களவுசெய்தோ, தேர்விற் பார்த்தெழுதியோ பிடிபட்டு ஆசிரியர்முன் நிற்கும்பொழுதும் அதே கணக்கைப் போடலாமா? தண்டனை வேண்டாமென்கிலோம், விதி விதியே. ஆனால் தண்டிக்கும் ஆசிரியர், தாம் வேறோர் இனத்தவரென எண்ணித் தண்டிப்பதும், அதே பிணியுடையவராய் அதே மருத்துவரை நாடுபவராய்த் தண்டிப்பதும் வேறுவேறு. முன்னையது மாணவனை வெளியேற்றுவதோடு முடியும். பின்னையதில் அவன் திரும்பிவரக் கதவு உண்டு.

430ஆம் ஆண்டில் வந்தாலர் இப்போ நகரை முற்றுகையிட்டிருக்க, முப்பதாண்டுகளுக்கு மேலாக அங்கே அத்தியட்சராயிருந்த அகுஸ்தீன் மரணப்படுக்கையிற் கிடந்தார். மனஸ்தாப சங்கீதங்களை எழுதுவித்துச் சுவரில் ஒட்டச்செய்து, படுத்தபடியே அவற்றை வாசித்துக் கண்ணீர் விட்டாரென அவர் சீடர் பொசிதியு எழுதிவைத்துள்ளார்.