நீதியரசரும் ஓர் உம்மையும்

நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்களை மேடையில் அறிமுகம் செய்வோர் பலர், "இஸ்லாமியராக இருந்தும் கம்பனில் தோய்ந்தவர்" என்றே தொடங்குவர். பாராட்டும் எண்ணத்தோடுதான் சொல்கின்றனர். ஆயினும் இலக்கணம் கற்பிக்கும் நமக்கு 'இருந்தும்' என்பதன் ஈற்றில் நிற்கும் உம்மை உறுத்துகிறது. ஏதோ ஒரு தடையைத் தாண்டியே அவர் கம்பனிடம் வந்து சேர்ந்தார் என்று அவ்வும்மை குறிப்பால் உணர்த்துகிறது. அத்தடை எங்கே இருந்தது?

அவர் 1921இல் பிறந்த ஊர் நாகூர். குலாம் காதிறு நாவலரைத் தந்த ஊர். அதற்கும் முன்பே உமறுப்புலவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களாகப் பகுத்து, 5,027 விருத்தங்களில் பாடிவிட்டார். அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த அவர், நீர் பாயும் மருத வயல்களையே நம் கண்முன் விரிக்கிறார். கம்பனைக் கரைத்துக் குடியாத ஒருவர் அப்படிப் பாடியிருக்க முடியுமா? இம்மரபில் வந்த ஒருவர் கம்பனைக் கற்றதில் வியக்க ஒன்றுமில்லை. அவர் எப்படிக் கற்றார் என்பதே நாம் காண வேண்டியது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் (1979–1981) சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகவும் விளங்கிய அவருக்கு, தமிழ் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. வாலிவதையை ஆராய்ந்து அவர் எழுதிய நூலின் பெயரே 'மூன்று வினாக்கள்'. மறைந்து நின்று அம்பெய்தவன் காப்பியத் தலைவன். கேள்வி கேட்பவனோ வீழ்ந்து கிடப்பவன். மறைந்து நின்றது ஏன் என்பதற்குக் கம்பனில் விடை சொல்பவன் இராமன் அல்லன், இலக்குவன். பக்தியால் மூடிவிடாமலும் பகையால் பழிக்காமலும் இவ்வழக்கைக் கேட்க நீதிமன்றத்தில் பழகிய செவி வேண்டும்.

அச்செவி நூலோடு நின்றுவிடவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976இல், சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையம் அவருடையதே. வீழ்ந்து கிடந்தவர்களின் கேள்வி அங்கேயும் கேட்கப்பட்டது. 1981இல் தம்மைக் கேரளத்திற்கு மாற்றியபோது, அதனை ஏற்காமல் பதவியைத் துறந்தார். கம்பனைப் படித்ததால் இவ்வாறு நடந்தார் என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் படிப்பும் பணியும் ஒரே மனத்தில் குடியிருந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது.

நம்மவருள் சிலர், "இராமகாதை நமக்கு எதற்கு?" என்று கேட்கின்றனர். மேடையில் வியப்பவரும் வீட்டில் வினவும் இவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றும். இருவர் கையிலும் இருப்பது அதே உம்மைதான். வேலை கிடைத்ததும் தமிழ் நூல்களைப் பரணில் ஏற்றிவிடும் நம் மாணவரோ வேறோர் உம்மையைத் தேடிக்கொள்கின்றனர்: "பொறியாளராக இருந்தும் தமிழ் படிக்கிறார்!" 2005இல் மறைந்த அப்பெருமகனாரை அடுத்த முறை மேடையில் அறிமுகம் செய்யும் மாணவர், "நாகூரில் பிறந்ததால்" என்று தொடங்கிப் பார்க்கட்டும்.